எலும்பின் இன்னொரு பாதி

திருப்பூரில் தையல் நூல் கோன் இல்லாத வீதி அரிது. அந்நூலில் மூன்று புரி கொண்டதை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கப்பட்டிருக்கும். மூன்றையும் சேர்த்துத் திரித்த முறுக்கோ அதற்கு எதிர்த்திசையில் ஓடும். அதனால்தான் நூல் எளிதில் பிரிவதில்லை. எலும்பைப் பற்றி எழுத வந்த நாம் நூலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

எலும்பைச் சுண்ணாம்பு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது என்பது உண்மைதான். எஞ்சியதில் நீர் போக, பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். அமிலத்தில் ஊறித் தாதுவை இழந்த எலும்பு ரப்பரைப் போல வளையும். நெருப்பில் வெந்து நாரை இழந்த எலும்பு விரல்பட்டால் பொடியும்.

மருத்துவம் நெடுங்காலம் தாதுப் பாதியையே நாடியது. 1892இல் ஜெர்மனியின் டிரீஸ்மன் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பினார். 1920இல் நியூயார்க்கின் ஆல்பீயும் மாரிசனும் விலங்குகளின் எலும்பு இடைவெளியில் கால்சியம் பாஸ்பேட்டைச் செலுத்திப் பார்த்தனர். பின்னர் வந்த அக்ரிலிக் சிமெண்ட்டை 1984இல் பிரான்சின் ஆமியான் நகரில் முதுகெலும்புக்குள் ஊசியால் செலுத்தினர். வலுவான பொருள்தான், ஆனால் இறுகும்போது சூடேறும், எலும்பாக ஒருபோதும் மாறாது.

1980களில் அமெரிக்கப் பல் ஆராய்ச்சியாளர்களான பிரவுனும் சௌவும் திருப்பத்தைத் தந்தனர். இருவகைக் கால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீரில் குழைத்தால், உடல் வெப்பத்திலேயே இறுகி எலும்பின் தாதுவாகவே அமைவதைக் கண்டனர். இதன் அருமையைப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளி ஒருவரை வைத்துச் சொல்லலாம். வண்டியிலிருந்து விழுந்து அவர் முழங்காலடி எலும்பு நசுங்கினால், உள்ளே உண்டான பள்ளத்தை நிரப்ப இடுப்பிலிருந்து எலும்பு எடுப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. ஒரு காயம் இரண்டு காயமாகிறது. கூலியற்ற நாட்களும் கூடுகின்றன. பசை போதுமானால் இரண்டாம் காயம் தேவையில்லை.

ஆனால் அந்தப் பசை ஊசிக்கு எளிதில் இணங்கவில்லை. பக்குவம் தவறிய இடியாப்ப மாவைப் பிழிந்தவர்கள் அறிவார்கள்: அழுத்தினால் நீர் முன்னே வரும், மாவு பின்னே தங்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மனோஜ் கோமத்தும் எச். கே. வர்மாவும் இதற்கு ஒரு கூழ்மப் பொருளைச் சேர்த்துத் தீர்வு கண்டு 2003இல் வெளியிட்டனர். 18 கேஜ் ஊசி வழியே அவர்களது பசை தடையின்றி வந்தது. 20 நிமிடத்தில் இறுகியது. குறிப்பிடத்தக்க சூடு எழவில்லை. அழுத்த வலிமை 11 மெகாபாஸ்கல். பஞ்சு போன்ற உள் எலும்புக்கு அது போதும். நூறு மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் புற எலும்புக்கு ஈடாகாது. அடக்கமான எண்தான், ஆனால் மறைக்காமல் சொல்லப்பட்ட எண். அதனாலேயே நமக்கு அதன்மேல் மதிப்பு.

சுட்ட எலும்பைப் போலவே இத்தகைய சிமெண்ட்டும் நொறுங்கும் இயல்புடையது. இல்லாதது நார். அந்த நாரின் அமைப்பு தெளிந்ததோ சென்னையில்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அவரும் கோபிநாத் கர்த்தாவும், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்றனர். மறு ஆண்டே தம் மாதிரியைத் தாமே திருத்தினர்: ஒவ்வொரு இழையும் இடப்புறமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. நம் தையல் நூலின் இலக்கணமேதான்!

ரிச்சும் கிரிக்கும் மூன்று இழைகளை ஏற்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையை மறுத்தனர். அந்த மறுப்பில் நியாயம் இருந்ததாகவே பிற்காலச் சான்றுகள் காட்டின. ஆயினும் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த விவாதமே சென்னைக் குழுவை மேலும் ஆராயத் தூண்டியது. 1963இல் உலகப் புகழ்பெற்ற ‘ராமச்சந்திரன் வரைபடம்’ அதில் விளைந்தது. பாராட்டைவிட இந்தச் சண்டைதான் நமக்குச் சுவையாகப் படுகிறது.

கொலாஜன் கலந்த எலும்புப் பசைகளும் பிற்பாடு வந்தன. ஆனால் நாரையும் தாதுவையும் சேர்த்துக் குழைப்பதால் மட்டும் அது எலும்பாகிவிடாது. எலும்பில் தாதுப் படிகங்கள் நாரின் இடுக்குகளுக்குள்ளேயே, நாரின் போக்கிலேயே வளர்கின்றன. அந்த ஒழுங்கை ஊசி வழியே உள்ளே செலுத்துவதுதான் இன்னும் கைகூடாத வேலை.