ஐந்து வெடி

சனிக்கிழமைகளில் சுவிஸ் கிராமங்கள் பக்கம் நடந்திருந்தால் 'டப்… டப்' என்ற சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்பா இங்கே வந்த புதிதில், அகதி முகாமில் அதைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாராம். "பயப்பிடாதை மச்சான், இது இவையளின்ர விளையாட்டு" என்று அறையில் இருந்தவர் சொல்லியும் அவர் கனநேரம் வெளியே வரவில்லையாம்.

வெறும் விளையாட்டு என்றும் சொல்லிவிட முடியாது. 1824இல் சுவிஸ் என்று ஒரே அரசு கிடையாது. 22 கன்டோன்கள் தத்தமது காசு, தத்தமது சுங்கம் என்று தனித்தனியாக நடந்த காலம். அந்த ஆண்டுதான் ஆராவ் நகரத்துச் சுடுநர் சங்கம் எல்லாக் கன்டோன்களையும் ஒரு விழாவுக்கு அழைத்தது. நாடு முழுவதுக்குமான சுடுநர் சங்கமும் அங்கேயே பிறந்தது. ஒருவரையொருவர் அந்நியராகப் பார்த்தவர்கள் அடுத்தடுத்த விழாக்களில் ஒன்றாகச் சுட்டார்கள், சாப்பிட்டார்கள், அரசியல் பேசினார்கள். 24 வருடம் கழித்து, 1848இல், இன்றைய கூட்டாட்சி வந்தது. சுட்டதைவிட அந்தச் சாப்பாட்டு மேசைதான் பெரிய வேலை செய்தது என்பது என் எண்ணம்.

இன்றும் இராணுவக் கடமை உள்ளவர்கள் ஆண்டுதோறும் சுட வேண்டிய பயிற்சியை ஊர்ச் சங்கங்களே நடத்துகின்றன. அதனால்தான் சின்ன ஊரிலும் 300 மீட்டர் சுடுதளத்தைக் காணலாம்.

சூரிச்சில் இருப்பவர்களுக்குச் செப்டம்பரில் வரும் 'க்னாபன்ஷீசன்' தெரியும். பெயருக்கு 'பையன்களின் சுடுதல்' என்று அர்த்தம். 1991இல்தான் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்து 20 வருடம் கழித்து! 13 முதல் 17 வயதுவரை, சூரிச் கன்டோனில் வசித்தாலோ படித்தாலோ போதும்.  இராணுவத் துவக்கால் ஐந்து வெடி, அதிகபட்சம் 35 புள்ளி.

14 வயதில் நான் பெயர் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று காலை 13ஆம் இலக்கத் ட்ராமில் அல்பிஸ்குட்லிவரை என்னோடு வந்தார்.

எனக்குப் பக்கத்தில் படுத்திருந்து காட்டித் தந்தவர் சங்கத்து முதியவர் ஒருவர். துவக்கைத் தொட முதல், எதை ஒருபோதும் செய்யக் கூடாது என்றுதான் சொன்னார். "மூச்சை விடு, பிறகு அழுத்து" என்றார். என் தமிழ்ப் பெயரை இரண்டு முறை கேட்டுச் சரியாகச் சொல்லப் பழகினார். எனக்கு 22 புள்ளி. பரிசுக்குக் கிட்டவும் இல்லை. அவரோ கையைக் குலுக்கி, அடுத்த வருடமும் வா என்றார்.

வெளியே வந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. இராட்டினங்களையெல்லாம் தாண்டி, ட்ராம் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐஞ்சு வெடி எண்டெல்லோ சொன்னனி பிள்ளை" என்றார். "ஆயிரம் கேக்குது."

பிறகு, எத்தனை புள்ளி என்று கேட்டார்.