அப்பத்தாவுக்கு அப்பத்தா

மலருக்காக நம்ம குடும்பத்து மூத்த பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னாங்க. என் வீட்டுக்காரரோட அப்பத்தாவுக்கு அப்பத்தா, சின்னப் புள்ளையா 1876 தாது வருஷப் பஞ்சத்துல பொழைச்சவங்க. பேருதான் யாருக்கும் தெரியல. பழைய பத்திரங்களைப் பிரிச்சுப் பார்த்தேன். புருஷன் பேரு, மகன் பேருதான் இருக்கு.

அப்பத்தாகிட்டயே கேட்டேன். எங்க சேலம் ஜில்லாவுல பஞ்சம் ரொம்பக் கொடுமை. அந்தப் புள்ளையோட ஆத்தா ரோட்டு வேலையில மண்ணு சுமந்திருக்காங்க. சர்க்கார் கூலியைக் குறைச்சு, ஆம்பளைக்கே நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும்னு ஆக்கிட்டாங்க. ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோகூட வராது. பொம்பளைக்கு அதுக்கும் கம்மி. கஞ்சித்தொட்டி வரிசையில நின்னுதான் புள்ள உசுரு தப்பிச்சிருக்கு.

"பேரு என்ன அப்பத்தா?"

"அவ பேரைத்தாண்டி எனக்கு வெச்சாங்க. மாமியா பேரைச் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா பாப்பான்னே கூப்பிட்டா. ரேஷன் கார்டுலயும் பாப்பான்னே ஆயிப்போச்சு" என்றவர், அந்தப் பேரை மெதுவாச் சொன்னார்.

நானும் இந்த வீட்டு மருமகதானே, எப்படி எழுத? ஏழாவது படிக்கிற மகளைக் கூப்பிட்டு, என் சங்க நோட்டுல எழுத வெச்சேன்.