உரத்த குழலும் ஒலியடக்கியும்



திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழா நடைபெறும் பத்து நாட்களிலும் மாட வீதிகளில் நாகசுர ஒலி நிறைந்திருக்கும். சுவாமி தெருமுனையைத் திரும்பு முன்னரே குழலோசை நம் வீட்டு வாசலை எட்டிவிடும். 217 அடி உயர்ந்த இராஜகோபுரத்தின் நிழலில், பல்லாயிரம் மக்களின் ஆரவாரத்தையும் வென்று ஒலிக்க வேண்டிய கருவி அது. அதே கருவியை ஒரு சிறு கூடத்தினுள் வாசித்தால் என்னாகும்? வெளியில் சிறப்பாக நின்ற உரம், உள்ளே குறையாகிவிடும் அன்றோ? உரத்த ஊதுகருவியை மனிதர் எவ்வெப் பொருள்களைக் கொண்டு பக்குவப்படுத்தினர் என்பதே இன்றைய பேச்சு.

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதிய மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தான். அவன் வீடு குறுகிய சந்து ஒன்றில் இருந்தது. மாலையில் பயிற்சி செய்தால் அண்டை வீட்டார் சினந்தனர். ஆதலால் கருவியின் வாயில் ஒரு துண்டைத் திணித்து ஊதினானாம். ஒலி செத்துப் போயிற்று, சுருதியும் கலைந்தது. "ஐயா, எதை வைத்து அடக்குவது?" என்று கேட்டான். அவனுக்கு விடை தேடப் புகுந்த நான், ஒரு நெடிய வரலாற்றைக் கண்டேன்.

மேல்நாட்டார் இதற்கெனச் செய்த கருவிக்கு மியூட் என்று பெயர். ஒலியடக்கி என்று நாம் சொல்லலாம். பண்டை நாளில் அதனை மரத்தில் கடைந்தனர். சவ ஊர்வலத்தில் துயரக் குரல் எழுப்பவும், பகைவர் அறியாவண்ணம் படை நகரவும் அது பயன்பட்டது. இத்தாலிய இசைமேதை மான்டிவெர்டியின் 'ஆர்ஃபியோ' என்னும் இசைநாடகம் 1607-ஆம் ஆண்டு மாண்டுவா நகரில் அரங்கேறியது. 1609-இல் அச்சான அதன் இசைநூலில் ஒரு குறிப்பு உண்டு. ஒலியடக்கி செருகி டிரம்பெட் வாசிப்பதாயின், முன்னிசையை ஒரு சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும் என்பதே அது. அக்காலத்து மர ஒலியடக்கி, ஒலியைக் குறைத்ததோடு சுருதியையும் ஏற்றிவிட்டது. துண்டு செருகிய என் மாணவன் கண்ட தொல்லையை, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வல்லுநர் கணக்கிட்டு வைத்திருந்தனர்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசை வளர்ந்தது. அங்கே 'கிங்' ஆலிவர் போன்ற கலைஞர்கள், கோப்பை, புட்டி, கழுநீர்த் தொட்டியின் அடைப்பை நீக்கும் ரப்பர்க் கிண்ணம் ஆகியவற்றையே கருவியின் வாயில் பிடித்து, அழுவது போலவும் பேசுவது போலவும் ஊதினர். இன்றோ அலுமினியம், செம்பு, மரம், அழுத்திய காகித நார் எனப் பல பொருள்களில் ஒலியடக்கிகள் கிடைக்கின்றன. அலுமினியம் கூரிய ஒலி தரும், செம்பு கனத்த ஒலி தரும், காகித நார் மென்மை தரும் என்று வாசிப்போர் கூறுவர்.

நம் நாட்டாரோ இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தனர். கருவியின் வாயை அடைக்காமல், கருவியையே மாற்றி அமைத்தனர். பழைய நாகசுரமாகிய திமிரி குட்டையானது, உச்சக் குரல் உடையது, வீதிக்கு ஏற்றது. நாகசுரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தில் உருவான பாரி நாகசுரத்தைக் கையாண்டார். குழலின் நீளம் கூடியதால் சுருதி தாழ்ந்தது, ஒலி கனிந்தது, வீதிக் கருவி கச்சேரி மேடையிலும் இனிது பொருந்தியது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததும் நினைவில் வைக்கத் தக்கது.

அங்குப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். குழலுக்கு ஆச்சா மரம். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், நன்கு முதிர்ந்து ஈரம் வற்றிய மரத்தை விரும்புவர். வாயில் வைக்கும் சீவாளிக்கு நாணல் வகைத் தட்டை. விரல் படும் துளைகள் ஏழு. அவற்றிற்குக் கீழுள்ள துளைகளில் மெழுகைச் சிறிது இட்டும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்வர். மரம், நாணல், மெழுகு ஆகிய மூன்றும் எளிய பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை.

விலையுயர்ந்த பொருளால் இனிமை கூடுமா? கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலில் கல்லால் ஆன நாகசுரம் உண்டு. அது சிற்பியின் திறமைக்குச் சான்று. ஆயினும் கலைஞர்கள் நாள்தோறும் கையில் எடுப்பது மரக்குழலையே. அமெரிக்க இயற்பியலறிஞர் கோல்ட்மன் 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவில் புல்லாங்குழல்கள் செய்து வாசித்தபோது, கேட்டவராலும் வாசித்தவராலும் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. ஒலிப்பது குழலினுள் உள்ள காற்று, சுவரன்று. சுவர் வழவழப்பாகவும் வடிவு குலையாமலும் இருந்தால் போதும். சீவாளியின் செய்தி வேறு. அது தானே அதிர்வது; ஆகவே அதன் பொருள் சிறிது மாறினும் குரல் மாறும்.

இனி அம்மாணவனின் கதைக்கு வருவோம். அலுமினியத்தில் ஒன்றும் காகித நாரில் ஒன்றுமாக இரண்டு ஒலியடக்கிகளை இரவல் வாங்கினோம். வகுப்பு மாணவர் சுவரை நோக்கி அமர்ந்தனர். எது எதுவென்று சொல்லாமல் அவன் மாற்றி மாற்றி ஊதினான். ஒன்று கூரியது, மற்றொன்று மென்மையானது என்று பெரும்பாலோர் எழுதினர். "பொருளின் வேறுபாடு தெரிந்துவிட்டது!" என்று அவன் மகிழ்ந்தான். "பொறு தம்பி, இரண்டின் வடிவமும் ஒன்றா?" என்று கேட்டேன். அளந்து பார்த்தான், ஒன்று நேர்க்கூம்பு, மற்றொன்று வாயில் கிண்ணம் பொருந்தியது. வேறுபாடு பொருளால் வந்ததா, வடிவால் வந்ததா என்று எங்களால் தீர்ப்புக் கூற முடியவில்லை. ஆயினும் வீட்டுக்கு உகந்தது எது என்பதில் ஐயமில்லை. அவன் மென்மையானதையே தேர்ந்தான். சந்தும் அமைதி பெற்றது.

மாணவர்களே! எப்பொருளையும் அதன் விலையைக் கொண்டும் பேரைக் கொண்டும் மதிப்பிடாதீர்கள். அது எங்கே, என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். இரண்டை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் சோதித்துப் பாருங்கள். நரசிங்கம்பேட்டை ஆசாரியும் மேல்நாட்டு அறிஞரும் ஒருங்கே நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.