நொய்யலில் கடலுப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கடல் உவர்ப்பானதை ஆறுகளைக் கொண்டு விளக்கியவர் எட்மண்ட் ஹாலி (1715). பாறைகளில் கரைந்த உப்பை ஆறுகள் கொண்டுசேர்க்க, நீர் ஆவியாகி உப்பு மட்டும் கடலில் தங்குகிறது. எனவே உப்பின் அளவு கடலின் வயதைக் காட்டும் என்பது அவர் கருத்து. 1899-இல் ஜான் ஜோலி சோடியத்தைக் கணக்கிட்டு, அவ்வயது 8 முதல் 9 கோடி ஆண்டுகள் என்றார். உப்பு கடலைவிட்டு நீங்கும் வழிகளை அவர் குறைத்து மதிப்பிட்டமையால் அக்கணக்கு நிலைக்கவில்லை. உப்பளமும் அத்தகையதொரு வழியே.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலில் இவ்வழியைத் தெளிவாகக் காணலாம். பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தைச் சூழ்ந்து பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது, சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு இன்றியமையாதது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும்; உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தைக் கண்டு அஞ்சிய அளவுக்கு, கண்ணுக்குப் புலப்படாத உப்பைத் தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை எனலாம்.

பாசனத்துக்கென 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு உழவர் தொடுத்த வழக்கில், 2011 சனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றிலும் மீட்கும் முறை அதற்கு முன்னரே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆயினும் கடினப்பாறை வெடிப்புகளில் இறங்கிய உப்பை, மழைநீர் சிறிது சிறிதாகவே கழுவ இயலும்.