கந்தளாய்க் குளமும் கடைமடைக் கமக்காரனும்

குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத் திருப்பணியோடு கந்தளாய்க் குளத்தையும் அமைத்தான் என்று கோணேசர் கல்வெட்டு கூறும். சூளவம்சமோ ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதிக்கு அப்பெருமையை அளிக்கும். கட்டியவன் யார் என்று வாதிடுவதில் நாம் காட்டும் ஊக்கத்தை, அந்நீர் யார் வயலை எட்டிற்று என்று வினவுவதில் காட்டினோமில்லை.

பெரும்போகத்துக்கு மாரி மழை துணை செய்யும். சிறுபோகமோ குளத்தையே நம்பி நிற்பது. தலைமடையில் ஒருவர் மிகையாகப் பாய்ச்சினால், தம்பலகாமத்துக் கடைமடையில் கதிர் பதராகும். விதைநெல்லையே கடனாகப் பெற்றவனுக்குக் காணியை ஈடுவைக்க அந்த ஒரு போகம் போதும்.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வட்டைவிதானையின் மேற்பார்வையில் முறைவைத்து நீர் பாய்ச்சினர். வாய்க்கால் துப்புரவு செய்யும் கடமையையும் பங்கிட்டனர். 1832இல் இராசகாரியம் ஒழிந்தபின் இத்தகைய பொதுவேலை தளர்ந்தது. பழைய வழக்கங்களை மீட்கவே 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தது.

எனினும், நீர் மட்டும் வறுமையைப் போக்காது. விளைவிற் பெரும்பங்கைக் காணிக்காரருக்கு அளந்தவனின் நெல் அடுத்த விதைப்புவரை வராது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்ச அளவு விதித்தமை இதனாலேயே.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மன்னர் புகழ் அணையைக் காக்கவில்லை. அணையைக் காப்பது ஆண்டுதோறும் அதனைப் பேணும் கைகளே.

இளைஞர்களே! குளக்கோட்டன் புகழ் பாடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. வாய்க்கால் துப்புரவுக்கு நாமும் மண்வெட்டி எடுப்போம். கடைமடைக்கு நீர் சென்றதா என்று நடந்துபோய்ப் பார்ப்போம். அதுவும் கோணேசர் திருப்பணியே.