ஓனர் இடத்தைத் திரும்பக் கேட்டால் க்ளைம்பிங் ஜிம் என்ன ஆகும்? பெங்களூரு சுவரேறிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். "நண்பர்களே, பில்டிங் ஓனர் அக்ரிமென்டைப் புதுப்பிக்கப் போறதில்லையாம். இரண்டு மாசம் டைம் கொடுத்திருக்கார்." கீழே அழுகை எமோஜிகள் வரிசை கட்டும். ஒருவர் "க்ரவுட்ஃபண்டிங் பண்ணலாமா?" என்பார். இன்னொருவர் "என் வருஷச் சந்தா என்ன ஆகும்?" என்று டைப் செய்து, இந்த நேரத்தில் கேட்கலாமா என்று யோசித்து, அழித்துவிடுவார்.

வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளை ஒரு ஷெட்டுக்குள் சுவர் ஏறிக் கழிக்கும் ஆளாக நீங்கள் இருந்தால், இந்த மெசேஜ் என்றாவது ஒருநாள் உங்களுக்கும் வரலாம். பத்து இருபது பேர் சேர்ந்து சொந்தக் காசில் நடத்தும் சிறிய ஜிம் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். அப்போது கையில் என்ன உரிமை இருக்கிறது, எது இல்லை என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இதில் சில உரிமைகள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நிமிடத்தோடு முடிந்துபோகும்.

வேற இடம் பார்த்து மாறிட்டா போச்சு, இல்லையா?

சாதாரண ஜிம் என்றால் சரி. டிரெட்மில்லை லாரியில் ஏற்றி அடுத்த தெருவில் இறக்கிவிடலாம். 2009-ல் எம்.ஜி. ரோடு இந்தியன் காபி ஹவுஸ் ஐம்பது வருட இடத்தை இழந்தபோது ஊரே வருத்தப்பட்டது. ஆனால் மேசை, நாற்காலி, தலைப்பாகை எல்லாம் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போய், அதே தோசையும் காபியும் அங்கே தொடர்ந்தன.

க்ளைம்பிங் சுவருக்கு அந்த வசதி கிடையாது. முதல் பிரச்சினை உயரம். கயிறு இல்லாமல் ஏறும் போல்டரிங் சுவரே போட்டித் தரத்தில் 4 முதல் 4.5 மீட்டர் வரை இருக்கும். ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்களே, அந்த ஸ்பீடு சுவர் 15 மீட்டர். நம் ஊர் வணிகக் கட்டடத்தில் ஒரு தளத்தின் உயரம் மூன்று, மூன்றரை மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே ஜிம்கள் தேடிப்போவது பழைய ஒர்க்‌ஷாப், குடோன், தகரக்கூரை ஷெட். அடுக்குமாடி கட்டுவதற்காகவும் பிஜி கட்டுவதற்காகவும் முதலில் இடிக்கப்படுவதும் அவைதான். ஒயிட்ஃபீல்டு வரை பர்ப்பிள் லைன் 2023-ல் முழுமையாக ஓடத் தொடங்கியது. பொம்மசந்திரா வரை யெல்லோ லைன் 2025 ஆகஸ்டில் வந்தது. மெட்ரோ தூண் எழும்பும் சாலையில் தகரக்கூரையை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? ஓனரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கணக்கில் அது மண்ணின் விலை.

இரண்டாவது பிரச்சினை சுவரேதான். இரும்புச் சட்டம், அதன்மேல் கனமான பிளைவுட், அதில் நூற்றுக்கணக்கில் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும் ஒரு டீ-நட். கைப்பிடிகளை, அதாவது ஹோல்டுகளை, ஆலன் கீ வைத்துக் கழற்றி எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பலகைகள் அந்த ஷெட்டின் அந்தத் தூணுக்கும் அந்த மூலைக்கும் ஏற்ற கோணத்தில் அறுக்கப்பட்டவை. இன்னொரு ஷெட்டில் அவற்றில் பாதிகூட அப்படியே பொருந்தாது. சுருக்கமாக, ஒரு க்ளைம்பிங் ஜிம்மின் சொத்தில் பெரும்பகுதி அடுத்தவர் தரையில் போல்ட் போட்டு நிற்கிறது.

ஜிம் போனா என்ன, பாறை இருக்கே?

இருக்கிறது. ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய இடம்தான். 'ஷோலே' படம் எடுத்த ராமதேவர பெட்டா 2012 முதல் கழுகுகளுக்கான சரணாலயம். அங்கே நினைத்தபடி கயிறு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. கனகபுரா சாலைப் பக்கம் துரஹள்ளிக் காடு பெங்களூரின் போல்டரிங் பழக்கம் வளர்ந்த இடம். 2021 தொடக்கத்தில் அதை மரப் பூங்காவாக மாற்றும் திட்டம் வந்தது. சுற்றியிருந்தவர்களின் எதிர்ப்பால் அரசு பின்வாங்கியது. ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியம் வளாகத்தில் அரசின் செயற்கைச் சுவர் உண்டு. நகரத்துப் பாறையேறிகள் பலர் முதன்முதலில் இடுப்பில் கயிறு கட்டியது அங்கேதான். அந்த ஸ்டேடியத்துக்கும் இழுபறி இல்லாமல் இல்லை. தொழில்முறைக் கால்பந்துக்கு மைதானம் போனதை எதிர்த்துத் தடகளக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். தவிர, மழைக்காலத்தில், இரவு எட்டு மணிக்கு, ஆபீஸ் முடிந்து போக பாறை உதவாது.

நம்ம கையில இருக்கிற பேப்பர் என்ன பேப்பர்?

முதல் காரியமாக அக்ரிமென்டைத் தேடி எடுங்கள். மேலே 'லீஸ்' என்று இருக்கிறதா, 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. லீஸ் என்றால் இடத்தின் மீது உங்களுக்கு ஓர் உரிமை கைமாறுகிறது. லைசென்ஸ் என்றால் வெறும் அனுமதி. ஓனர் இடத்தை விற்றால் வித்தியாசம் தெரியும். சொத்து மாற்றச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, லீஸில் இருக்கும் இடத்தை வாங்குபவர் பழைய ஓனரின் உரிமைகளோடு பொறுப்புகளையும் சேர்த்தே ஏற்கிறார். லீஸ் காலம் முடியும்வரை நீங்கள் இருக்கலாம். லைசென்ஸ் புதிய ஓனரைக் கட்டுப்படுத்தாது. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் 59-வது பிரிவில் இதைச் சொல்கிறது.

தலைப்பு மட்டுமே முடிவு செய்வதில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். டெல்லியின் ஒரு பெரிய ஹோட்டலில் உடைமாற்றும் அறைகளை எடுத்து முடிதிருத்தும் கடை நடத்தியவரின் வழக்கில், 1959-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. பேப்பரில் லைசென்ஸ் என்றே எழுதியிருந்தது. பெயரைப் பார்க்காதே, இடம் முழுக்க யார் வசம் இருந்தது, இரு தரப்பின் நோக்கம் என்ன என்று பார் என்று சொல்லி, அது லீஸ்தான் என்றது நீதிமன்றம். உங்கள் ஜிம்மின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறதா, ஓனரும் இஷ்டப்படி திறந்து வருகிறாரா என்பதெல்லாம் அங்கே எடுபடும்.

அடுத்து, எத்தனை மாதம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் ஊரெல்லாம் 11 மாத அக்ரிமென்ட். நிறைய பேர் விழும் குழி வேறொன்று: ஐந்து வருடம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்துவிடுவது. அந்த ஐந்து வருடத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க அந்தப் பேப்பர் உதவாது. பொதுவாக அதை மாதாமாதம் ஓடும் வாடகையாகவே பார்ப்பார்கள். மாத வாடகையை முடிக்க 106-வது பிரிவு கேட்பது 15 நாள் நோட்டீஸ். உற்பத்தித் தொழில் என்றால் ஆறு மாதம். ஜிம்முக்கு அது கிடைக்காது. சுவரைக் கட்ட ஆன நாள்களைவிடக் குறைவு அந்தப் பதினைந்து.

வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்றால், கர்நாடகத்தில் இல்லை. 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், வணிக இடம் என்றால் 14 சதுர மீட்டருக்கு உட்பட்டதற்கு மட்டும்தான் பொருந்தும். அது ஒரு பெட்டிக்கடை அளவு. ஓசூரைத் தாண்டினால் கதை கொஞ்சம் வேறு. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் வணிக இடங்களையும் சேர்த்துக்கொண்டு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதியச் சொல்கிறது. பெங்களூரில் உங்களுக்குக் கவசம் நீங்கள் எழுதிக்கொண்ட வரிகள் மட்டுமே.

சுவர் யாருக்குச் சொந்தம்?

"பில்டிங்ல ஃபிக்ஸ் பண்ணதெல்லாம் பில்டிங்குக்குத்தான்" என்று ஓனர் தரப்பில் யாராவது சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவில் 'எச்' என்ற உட்பிரிவு இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, வாடகைதாரர் நிலத்தில் பொருத்திய எல்லாவற்றையும் அவரே கழற்றிக்கொண்டு போகலாம். லீஸ் காலம் முடிந்த பிறகும்கூடப் போகலாம். ஆனால் இடம் அவர் கைவசம் இருக்கும்வரை மட்டும். அதன்பிறகு கூடாது என்று சட்டமே தனியாகச் சொல்கிறது.

இந்த நிபந்தனையைத்தான் ஆரம்பத்தில் குறிப்பிட்டேன். "சார், சாவியை வெச்சுக்கோங்க, அடுத்த வாரம் லாரி கொண்டு வந்து எடுத்துக்கறோம்" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டு வந்தால், அந்த ஒரு வாரத்தில் உங்கள் இரும்பும் பலகையும் உங்களுடையவை என்று சொல்லும் சட்டப் பிடி நழுவிவிடும். லாரி முதலில், சாவி பிறகு.

இன்னொரு பாதியும் உண்டு: இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். தரையில் ஆங்கர் போல்ட் அடித்த ஒவ்வொரு துளையும் கணக்கில் வரும். பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரின் எழுதப்படாத சட்டம் என்பது வீடு மாறிய எல்லோருக்கும் தெரியும். ஷெட்டில் அது தரை பூச்சு, தூண் பழுது என்று நீளும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தத் தொகைதான் உங்கள் அடுத்த சுவருக்கான முதல். ஆகவே உள்ளே நுழைந்த நாளில் எடுத்த போட்டோக்களை யார் போனிலாவது தேடுங்கள்.

லைசென்ஸ் என்றால்? ஈஸ்மென்ட் சட்டம் 60-வது பிரிவு, அனுமதியை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செலவழித்துச் செய்தவரின் லைசென்ஸை ரத்து செய்ய முடியாது என்கிறது. கழற்றி மாட்டும் சுவர் 'நிரந்தரம்' ஆகுமா என்றால், வாதிடலாம். நான் அதை நம்பிப் படுக்கமாட்டேன். லைசென்ஸ் ரத்தானாலும் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிற 63-வது பிரிவுதான் நடைமுறையில் கைகொடுக்கும்.

பூட்டுப் போட்டுட்டா?

ஒரு காலை ஷட்டரில் புதிய பூட்டு தொங்கினால், உடைக்காதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். போட்டோ எடுங்கள். நீதிமன்ற வழியில் இல்லாமல் உங்களை இடத்திலிருந்து வெளியேற்றினால், ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-வது பிரிவில் இடத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். யார் சொந்தக்காரர் என்ற கேள்வியே அதில் வராது. யார் வசம் இருந்தது என்பதுதான் கேள்வி. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்.

என் வருஷச் சந்தா?

டைப் செய்து அழித்தவருக்கு: கேட்பதில் தப்பே இல்லை. தராத சேவைக்கு வாங்கிய பணம் அது. தனியார் நடத்தும் ஜிம் என்றால் மீதி மாதங்களுக்கான தொகையை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஜிம் என்றால், உங்கள் மீதித் தொகைதான் லாரி வாடகை. கேட்பதா விடுவதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. நடத்துகிறவர்களும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்பதுதான் முறை.

அடுத்த தடவை இப்படி ஆகாம இருக்க?

பெங்களூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, ஆனால் அது நாடகத்துடையது. 'மால்குடி டேஸ்' எடுத்த சங்கர் நாக்கின் நினைவாக, அருந்ததி நாக் முன்னின்று சங்கேத் அறக்கட்டளை கட்டிய ரங்க சங்கரா, ஜே.பி. நகரில் 2004-ல் திறந்தது. மாத வாடகைக்கு எடுத்த ஷெட் அல்ல, அரசு குத்தகைக்குக் கொடுத்த சிஏ சைட்டில் நிற்கும் அரங்கம். பொதுப்பயன்பாட்டு மனைகளைப் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு 30 வருடக் குத்தகைக்குத் தர பிடிஏ 1989 முதல் விதிகள் வைத்திருக்கிறது. சுலபமாகக் கிடைக்காது, வருடக்கணக்கில் அலைய வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுவாக இருக்கும்வரை விண்ணப்பிக்கவே முடியாது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம்.

ஜெர்மனியில் பெரிய க்ளைம்பிங் கூடங்கள் பலவற்றை நடத்துவது கம்பெனிகள் அல்ல, ஆல்பைன் கிளப்பின் உள்ளூர்ச் சங்கங்கள். மியூனிக் தால்கிர்ஷன் கூடம் அப்படித்தான் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் ராக்ஸ் 2018 முதல் லாபநோக்கற்ற அமைப்பாக, முடிந்ததைக் கொடுத்து ஏறலாம் என்று நடக்கிறது.

அதுவரை அடுத்த ஷெட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது மூன்று வரிகளுக்காகப் பிடிவாதம் பிடியுங்கள். குறைந்தது மூன்று வருடம் ஓனர் வெளியேற்ற முடியாத லாக்-இன். அதன்பிறகும் ஆறு மாத நோட்டீஸ். சுவர், மெத்தை, ஹோல்டு எல்லாம் ஜிம்முக்கே சொந்தம் என்று பட்டியலோடு ஓர் இணைப்பு. பிறகு அதைப் பதிவு செய்யுங்கள். வாடகை பேரம் பேசுவதில் விடும் மூச்சில் பாதியை இதற்கு விட்டாலே போதும். சுவரையும் தரையோடு கட்டாமல், தானே நிற்கும் சட்டமாக, ஒரே அளவுப் பலகைகளாக வடிவமைக்கச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், லாரியில் ஏறும்.

புதிய இடம் கிடைக்கும்வரை விரல் வலுவைக் காப்பாற்ற ஒரு போர்டு போதும். 2005-ல் பிரிட்டிஷ் க்ளைம்பர் பென் மூன் கொண்டுவந்த மூன்போர்டு 2.44 மீட்டர் அகலம், 3.15 மீட்டர் உயரம், 40 டிகிரி சாய்வு. கார் நிறுத்துமிடத்திலோ, கூரை போட்ட மொட்டை மாடியிலோ நிற்கும். அந்த வீட்டு ஓனரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்ற ஹோல்டுகளை உறுப்பினர்கள் பிரித்து எடுத்துப் போகலாம். யாரிடம் எத்தனை பெட்டி என்று ஒரு ஷீட் போட்டுவிட்டு ஏற்றுங்கள். பிஜியில் இருப்பவர்கள், கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டுக் கை தூக்குங்கள்.