இட்லி சைக்கிளும் அலுமினியமும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காலையில் 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்து வரும் இட்லி சைக்கிளைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் உண்டா? பலர் கிளம்புவது தாராவியிலிருந்து. நம்ம வீடுகள் எவர்சில்வருக்கு மாறியாச்சு. அவர்களில் பலருடைய கேரியரில் மட்டும் இன்னும் ஏன் அலுமினியம்?

கொஞ்சம் பின்னால் போகலாம். 1898-ல் சென்னை கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். பித்தளை மாதிரி ஈயம் பூச வேண்டாம் என்பது பெரிய லாபம். எவர்சில்வர் வந்ததே அதற்கப்புறம்தான். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருக்கியது 1913-ல். நம்ம சேலம் உருக்காலையில் அதன் தகடு உருள 1981 ஆச்சு.

இப்ப பேங்க்காரன் கணக்கு. வரவு: ஒரே அளவு, ஒரே தடிமன் என்றால் எவர்சில்வர் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். மிதிக்கிறவர் முழங்காலைக் கேளுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பழசானதைத் தாராவிப் பட்டறையிலேயே கட்டியாக வார்க்கலாம். எவர்சில்வருக்கு 1400 டிகிரியாவது வேண்டும்.

பற்று: புளியும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு, இட்லிக்கு அலுமினியம், சாம்பாருக்கு எவர்சில்வர். சுமக்கிறவர் முழங்கால், சாப்பிடுகிறவர் வயிறு, ரெண்டும் ஐந்தொகையில் வரணும் இல்லையா? நீங்க என்ன சொல்றீங்க?